சமையல்காரனுக்குக் கட்டிய பரிவட்டம்

கிட்ட வந்து உட்காருங்கள், இன்னும் கொஞ்சம் நெருங்கி.

முன்னொரு காலத்தில் கொன்றை நாட்டை வீரகேசரி என்கிற ராஜா ஆண்டுவந்தான். காலையில் கட்டிப் பிடிப்பான், மத்தியானம் கழுத்தை வெட்டு என்பான். அவனுடைய சுங்க அதிகாரி மார்த்தாண்ட ராயர். பொறாமை என்றால் அப்படி ஒரு பொறாமை! ராஜா அடுத்தவனுக்கு ஒரு வெற்றிலை கூடக் கொடுத்தால் போதும், ராயருக்கு அன்று சோறு இறங்காது.

ஏரிக்கரை கட்ட வசூலித்த சுங்கத்தை ராயர் விழுங்கிவிட்டார். கரை உடைந்து பாதி ஊர் வெள்ளத்தில் போனது. வசூல் பணம் எங்கே என்று அமைச்சர் செவ்வந்தியப்பர் சபையிலேயே கேட்டுவிட்டார். ஆனால் ராயர் பேரில் ஒரு குழி நிலம்கூட இல்லை! நிலமெல்லாம் ஒரு சத்திரத்துத் தர்மத்தின் பேரில். கப்பலெல்லாம் உப்பு வியாபாரம் செய்கிற ஒரு கும்பினியின் பேரில். இரண்டுக்கும் தலைவன் யார் தெரியுமா? ராயர் வீட்டுச் சமையல்காரன் சிங்காரம்!

"கட்டின வேட்டியைத் தவிர என்னிடம் என்ன இருக்கிறது மகாராஜா? அமைச்சருக்கு என்மேல் வயிற்றெரிச்சல்," என்றார் ராயர்.

ராஜா அமைச்சரை முறைத்தான். "தர்மச் சொத்தில் கை வைத்தால் ஊர் காறித் துப்பும். தேர்த் திருவிழா முடிவதற்குள் உடையவன் யாரென்று நீர் காட்ட வேண்டும். இல்லையென்றால் உம் பதவி ராயருக்கு. நீர் நாட்டை விட்டே போகலாம்."

"ஆகட்டும் மகாராஜா. இந்த வருஷம் முதல் மரியாதை யாருக்கு என்பதை மட்டும் என்னிடம் விடுங்கள்."

தேர் நாள் வந்தது. வருஷா வருஷம் வாங்குகிறவர் ஆயிற்றே, ராயர் தலையை நீட்டிக்கொண்டு முன்னால் நின்றார். குருக்கள் அவரைத் தாண்டிப் போய், பின்னால் நின்ற சிங்காரம் தலையில் பரிவட்டத்தைக் கட்டினார்!

"நாட்டிலேயே பெரிய தனவந்தர், தர்மப் பிரபு சிங்காரம் வாழ்க!" என்று கட்டியக்காரன் கூவினான்.

சிங்காரம் பெரிய கும்பிடாகப் போட்டான். "எனக்கு வேணாங்க சாமி, குழம்பு அடுப்புல கொதிக்குதுங்க!"

"கொதிக்கட்டும்," என்றார் அமைச்சர். "ராயரே, சற்று ஒதுங்கும், பிரபுவுக்குப் பல்லக்கு வருகிறது. குடை பிடிக்க ஆள் இல்லை. நீர் பிடிக்கிறீரா?"

ராயர் முகம் கறுத்தது. "என் வீட்டில் அடுப்பூதுகிற பயலுக்கு நான் குடை பிடிப்பதா? சத்திரம் என்னுடையது! கும்பினி என்னுடையது! இவன் பேருக்கு உட்கார்ந்தவன்! அவிழ்க்கச் சொல்லும் அதை!"

மேளம் நின்றது.

"எல்லாமே உம்முடையதா ராயரே?" என்றார் அமைச்சர்.

"ஒவ்வொரு செங்கல்லும்! ஒவ்வொரு பாய்மரமும்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கேட்டீர்களா குருக்களே, தர்மச் சொத்து இல்லையாம், இவர் சொத்தாம்! அத்தனையும் எடுத்து ஏரிக்கரை கட்டுங்கள். இவரைச் சிறையில் தள்ளுங்கள். அமைச்சரே, இந்தாரும் என் முத்துமாலை!"

"கொஞ்சம் பொறுங்கள் மகாராஜா," என்றார் அமைச்சர். சிங்காரத்தின் தலையிலிருந்து பரிவட்டத்தை அவிழ்த்து, "தாமதத்துக்கு மன்னிக்கணும், உடையவரே," என்று ராயர் தலையில் தன் கையாலேயே இறுக்கிக் கட்டி, காவலர் பக்கம் திருப்பிவிட்டார்.