அசையாமல் நின்ற பூஜ்யம்

ஒரு சாவைப் பற்றிச் சொல்லப்போகிறேன். முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். பதிலுக்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே கிடக்கிறது. ஒளித்து வைத்துப் பழக்கமுள்ளவன் நானில்லை.

எங்கள் பக்கத்தில் கோழித்தீவன மில் ஒன்று உண்டு. மக்காச்சோளமும் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் ஒரு பெரிய தொட்டிக்குள் விழும். உள்ளே இரும்புத் தகடுகள் சுற்றிக் கலக்கும்; மிக்சர் என்பார்கள். அந்தத் தொட்டி முழுவதும் ஒரு தராசின் மேல் நிற்கிறது. கீழே சுவரில் ஒரு பெட்டி. தொட்டிக்குள் எத்தனை கிலோ என்று சிவப்பு எழுத்தில் காட்டும். அந்தப் பெட்டியிலிருந்து மாடி அறையின் கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர் போகிறது. பெட்டி காட்டும் எடையை நொடிக்குப் பலமுறை மேலே அனுப்பிக்கொண்டே இருப்பது அந்த ஒயரின் வேலை. மாடி அறையில் இருப்பவருக்குத் தொட்டி தெரியாது. திரையில் எண் மட்டும் தெரியும்.

மாடி அறையில் மிக்சர் பட்டனை அழுத்தும் வேலை பூபதி என்கிற பையனுக்கு. தொட்டிக்குள் இறங்கி, ஒட்டியிருப்பதைச் சுரண்டுகிறவர் பெயர் ராக்கியண்ணன். என் தங்கை பாவாயியின் வீட்டுக்காரர். முன்பெல்லாம் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் இறங்குவார்கள். தராசு வந்தபிறகு பூட்டை விட்டுவிட்டார்கள். ராக்கியண்ணன் உள்ளே இறங்கியதும் இரண்டு தரம் குதிப்பார். மேலே திரையில் எண் துள்ளும். ஆள் உள்ளே இருக்கிறார் என்று பூபதி தெரிந்துகொள்வான். எண் மறுபடி பூஜ்யத்துக்கு வரும்வரை பட்டனைத் தொடமாட்டான். டீக்கடையில் பார்த்தால், "ஏனுங் மாமா, ரெண்டு கிலோ ஏறிட்டீங்களாட்ட இருக்குது. அக்கா கறி ஆக்குச்சுங்களா?" என்று வம்புக்கு இழுப்பான்.

ஒயர் கழன்றுவிட்டால் திரையில் எண் போய் வெறும் கோடுகள் வரும். மிக்சரும் ஓடாது. எலி கடித்தாலும், பக்கத்து மோட்டார் தொந்தரவு செய்தாலும் கோடுகள் வந்து வேலை நின்றது. மேனேஜர் ஞானசேகரனுக்கு அது பிடிக்கவில்லை. வெளியூரிலிருந்து கம்ப்யூட்டர் ஆளை வரவழைத்தார். ஒயரில் ஒன்றும் வராவிட்டாலும், கடைசியாக வந்த எண் திரையில் அப்படியே நிற்கும்படியும் மிக்சர் ஓடும்படியும் மாற்றச் சொன்னார். மாற்றியதை யாரிடமும் சொல்லவில்லை. கோடுகள் வராமல் போனதும், ஒயரைச் சரிசெய்துவிட்டார்கள் என்று பூபதி நினைத்துக்கொண்டான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தொட்டியை ஒட்டிய கைப்பிடிக் கம்பி விட்டுப்போயிருந்தது. வெல்டர் சவரிமுத்து வந்தார். முதல் வேலையாகப் பெட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். அதுதான் முறை, முன்னொரு தடவை வெல்டிங் கரண்ட் அந்த ஒயர் வழியாகப் போய்க் கம்ப்யூட்டரைப் பொசுக்கியிருந்தது. மேனேஜருக்குப் போன் போட்டார்.

"ஒயரப் பிடுங்கியிருக்கேன் சார். முடிச்சதும் மாட்டிடறேன்."

"அது பாட்டுக்குக் கிடக்கட்டும். நீ வேலையப் பாரு."

அப்போது தொட்டி காலி. திரை பூஜ்யத்தில் நின்றது.

சவரிமுத்து முகமூடியை இறக்கிக்கொண்டு நெருப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ராக்கியண்ணன் மறுபக்க ஏணியில் ஏறி உள்ளே இறங்கினார். வழக்கம்போல இரண்டு தரம் குதித்தார். கீழே பெட்டி துள்ளி, அறுபத்து நான்கில் நின்றது. மேலே ஒன்றும் போகவில்லை.

மேனேஜர் ஆபீஸிலிருந்து பூபதியைப் போனில் கூப்பிட்டார். "லாரி வந்து நிக்குது. போடு."

பூபதி திரையைப் பார்த்தான். பூஜ்யம். பட்டனை அழுத்தினான்.

மிக்சரை நிறுத்திய பிறகும் அந்தச் சிவப்புப் பெட்டி அறுபத்து நான்கு என்றே காட்டிக்கொண்டிருந்தது.

பிணவறை வாசலில் எஸ்.ஐ. தாளும் பேனாவுமாக நின்றார். "யார் மேல புகார்னு ஒரு பேர் சொல்லும்மா. சொன்னாத்தான் எழுத முடியும்" என்றார் பாவாயியிடம்.

பூபதி மண்ணில் உட்கார்ந்திருந்தான். "என்ர கைதானுங்கக்கா அழுத்துச்சு. என்ர பேரையே சொல்லீருங்க."

"ஒயரப் பிடுங்குனது நானும்மா. சார்கிட்ட போன்ல சொல்லிட்டுத்தான் பிடுங்குனேன். ஆனா பிடுங்குனது நான்" என்றார் சவரிமுத்து.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "பூட்டுப் போடாம எறங்குனது உங்க வீட்டுக்காரர்தானேம்மா? சரி, அத விடுங்க. ஒயர் இல்லேன்னா பழைய நம்பர் அசையாம நிக்கும். அதப் பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டாமா இந்தப் பையன்? இவன் பேரையே சொல்லுங்க."

அவள் சொல்கிற பெயருக்கு உரியவன் ஜெயிலுக்குப் போவான். சொல்லாவிட்டால் அவள் புருஷன் தன் தவறால் செத்தான் என்று ஆகிவிடும்.

கேட்கிறேன், சொல்லுங்கள்: பாவாயி யார் பெயரைச் சொல்வது நியாயம்?

விடை: ஒயர் பிடுங்கியது பூபதிக்குத் தெரியாது. பழைய எண் நின்றுவிடும் என்பது சவரிமுத்துக்குத் தெரியாது. மிக்சர் ஓடவே ஓடாது என்றுதான் அவர் நம்பினார். ராக்கியண்ணனுக்கு இரண்டுமே தெரியாது. இரண்டும் தெரிந்திருந்தவர் ஞானசேகரன் ஒருவர்தான். திரையை நம்பக் கூடாது என்று தெரிந்துகொண்டே, திரையை மட்டும் பார்க்கிறவனிடம் "போடு" என்றார். உள்ளே ஆள் இருப்பது தெரியாதே என்று அவருக்காகப் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் போவதில்லை. பாவாயி அவர் பெயரைத்தான் சொன்னாள். "அவர் ஆபீஸ்ல இருந்தாரும்மா, எதையும் தொடவே இல்லையே" என்றார் எஸ்.ஐ. "தொடாமத்தானுங்க கொன்னாரு" என்றாள் அவள். எஸ்.ஐ. 'இயந்திரக் கோளாறு' என்று எழுதி நீட்டினார். பாவாயி கைநாட்டு வைக்கவில்லை. அதனால் உடலை மறுநாள் மத்தியானம்தான் கொடுத்தார்கள்.