துண்டுக்கு அடியில் ஒரு சங்கீதம்

"பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே? பிள்ளைக்கு உடம்பு கொதிக்குதுன்னு நான் கத்துனது உன் காதுல விழுந்துச்சுல்ல? முகத்தைத் திருப்பிக்கிட்டியே."

பூரணம் இதைக் கேட்டபோது யார் பேரையும் சொல்லவில்லை. வீடு நிறைய ஆள் இருந்தும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. காய்ச்சலில் போன அவள் மகன் எப்ராயீமுக்காகக் கூடிய ஆறுதல் ஜெபம் அது.

ஜெபத்தை நடத்தியவர் அவளுடைய அண்ணன் ஞானதிரவியம். மாட்டுத் தரகில் தலை நரைத்தவர். பள்ளிக்கூடத்தை வெளியே நின்று பார்த்ததோடு சரி. பைபிள் மொழிபெயர்ப்பு என்றால், நடுவில் ஆள் வைத்து வாங்கின சரக்கு என்பார். அதனாலேயே மூலத்தை வாசிக்க அறுபதுக்கு மேல் எபிரேயம் படிக்க உட்கார்ந்தார். தரகருக்கே இடைத்தரகர் மேல் அத்தனை சந்தேகம்.

தங்கச்சி கேட்டதும் அவர் பதறவில்லை. இதே கேள்வியைக் கேட்கும் பழைய எபிரேயப் புலம்பல் சங்கீதம் ஒன்று கையில் தயாராக இருந்தது. வாசித்தார். விளக்கினார். எந்த ராஜா காலத்துப் பாட்டு என்றார். முதல் வரி சொன்னதை இரண்டாம் வரி எப்படி இன்னும் பாரமாக்கிச் சொல்கிறது என்று காட்டினார். முறையீட்டில் தொடங்கினாலும் இந்த வகைப் பாட்டு துதியில்தான் முடியும் என்று, மூச்சு விடாமல் துதி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"ஆமென் சொல்லு தாயி."

பூரணம் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதன் பிறகு அவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

அடுத்த எபிரேயப் பாடத்துக்கு வந்தவர் புத்தகத்தை மேஜையில் வைக்கவில்லை, எறிந்தார்.

"டீச்சர், நான் படிச்ச படிப்புல எங்க தப்பு? அதைச் சொல்லுங்க."

திர்சாள் டீச்சருக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. புத்தகத்தை நிமிர்த்தி அந்தப் பக்கத்தை எடுத்தாள்.

"தப்பு இல்லையே அண்ணாச்சி. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் சொல்லியிருக்கீங்க."

"பின்னே ஏன் என் கூடப்பிறந்தவ என் முகத்துல முழிக்க மாட்டேங்கா?"

"உங்க துண்டைக் கொடுங்க."

தோளிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முறையீடு முடிகிற வரிக்குக் கீழே, பக்கத்தை மூடினாற்போல அதை விரித்தாள்.

"சந்தையில இதுக்கு அடியில என்ன நடக்கும்?"

"என்ன டீச்சர், கிண்டலா? விலை பேசுவோம். வாய் பேசாது, விரல் பேசும்."

"சுத்தி நிக்கிறவங்களுக்கு?"

"ஒரு மண்ணும் தெரியாது. துண்டை எடுத்த பிறகு மாடு யார் பின்னால போகுதுன்னு பார்த்துக்கிட வேண்டியதுதான்."

"இந்த வரியில அழுகிறவன் அடுத்த வரியில பாடுறான். நடுவுல என்ன நடந்துச்சு?"

"அதையும் நீங்கதானே சொன்னீங்க. கோயில்ல ஆசாரியன் எவனாவது கடவுள் பேரால அவனுக்கு ஒரு பதில் சொல்லியிருப்பான், அதுல மனசு தேறியிருப்பான்னு படிச்சவங்க சிலபேர் சொல்லுதாங்கன்னு."

"அந்தப் பதிலை ஏன் பாட்டுல எழுதி வைக்கல?"

"அது அவனுக்கு வந்த பதில். துண்டுக்கு அடியில பேசினதை எவன் ஊருக்குச் சொல்லுவான்?"

"பூரணத்துக்கு யார் பதில் சொன்னா அண்ணாச்சி?"

"நான்தான்."

"அந்தப் பக்கம் உங்க விரலைப் பிடிச்சது யாரு?"

எதிராளி வராமலே, தன் கையைத் தானே பிடித்துப் பேரத்தை முடிக்கிற தரகனைச் சந்தையில் செருப்பால் அடிப்பார்கள்.

"பின்னே இதை எப்படித்தான் படிக்கிறது?" குரல் இறங்கிவிட்டது.

"துண்டு வரைக்கும் படிங்க."

"அதுக்கு அப்புறம்?"

"பேரத்துக்கு வராத ஆளை நீங்க என்ன செய்வீங்க?"

"அவன் வாசல்ல போய் நின்னு கூப்பிடுவேன். வையவும் செய்வேன். வராம விடமாட்டேன்."

"துண்டுக்கு மேல இருக்கிறது எல்லாமே அதுதான் அண்ணாச்சி."

அன்று சாயங்காலம் தங்கச்சி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, சாத்திய கதவைப் பார்த்து முறையீட்டை மட்டும் வாசித்தார். எந்த ராஜாவும் அதில் வரவில்லை. டீச்சர் துண்டு விரித்த வரியோடு நிறுத்தினார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "மிச்சம்?"

"மிச்சம் எங்கிட்ட இல்ல தாயி. அன்னிக்கு இருக்கிற மாதிரி காட்டிக்கிட்டேன்."

கதவு திறக்கவில்லை. அந்தப் பக்கம் அவள் அதில் சாய்ந்து உட்காரும் சத்தம் மட்டும் கேட்டது.

ஞானதிரவியம் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். சந்தை முழுக்கக் கேட்கிற குரல் அவருக்கு.

"உனக்குப் பதிலா இனி நான் பேசமாட்டேன். இவ கேட்டது உன்னைத்தான். இறங்கி வா. வந்து இவளுக்கு நீயே பதில் சொல்லு."