எட்டாவது புகை

முன்னொரு காலத்தில் மலையடிவாரத்தில் ஒரு நாடு இருந்தது. பெயர் வேண்டாம். கோட்டை மேல்மாடத்தில் ஏறி நின்றால் நாடு முழுவதும் கண்ணில் பட்டுவிடும். ஓர் ஆறு, ஒரு கால்வாய், ஏழு ஊர்கள். அவ்வளவுதான்.

அந்த அரண்மனையில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஏழு ஊரிலும் அடுப்புப் புகை எழுந்த பிறகுதான் அரசர் உச்சிவேளைச் சாப்பாட்டுக்கு உட்காருவார். குடிகள் உண்ணாமல் நான் உண்ணமாட்டேன் என்று அவருடைய பாட்டனின் பாட்டன் செய்த சபதம் அது. மாடத்தில் ஒரு காவலன் நின்று புகையை எண்ணுவான். ஏழு எண்ணியதும் மணி அடிப்பான். கீழே இலை போடுவார்கள்.

இரண்டாவது வழக்கம், அரசருக்கு வரும் எந்த உணவிலும் முதல் பிடி தலைமை அமைச்சருக்கு. விஷம் இருந்தால் அமைச்சரோடு போகட்டும் என்பதற்காக. அமைச்சர் அம்பலவாணர் அந்த வழக்கத்தால் நன்றாகப் பருத்திருந்தார்.

அரசவையில் விகடம் சொல்லிப் பிழைத்தவன் சாத்தையா. அரசரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அந்த வருடம் அது கடினமாக இருந்தது. இரண்டு மழை பொய்த்துவிட்டது. கால்வாய்த் தண்ணீர் அமைச்சரின் வெற்றிலைத் தோட்டத்தோடு நின்றுவிட்டது. விளைந்த கொஞ்ச நெல்லையும் படைக்கு வேண்டும் என்று அளந்து கோட்டைக் களஞ்சியத்தில் பூட்டினார்கள். படைவீரர்களில் பாதிப் பேர் ஓடிப்போயிருந்தார்கள். கேட்கப் போன குடியானவர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். பிறகு யாரும் கேட்க வரவில்லை. வரிச்சாவடி ஒன்று எரிந்தது. அடுத்த மாதம் இன்னொன்று. காட்டுத்தீ என்றார் அமைச்சர். சாவடியைச் சுற்றி ஒரு புல்கூடக் கருகவில்லை என்பதை யாரும் அரசரிடம் சொல்லவில்லை.

அரசருக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் அம்பலவாணர் அவரை மாடத்துக்கு அழைத்துப் போவார். ஏழு ஊரிலும் புகை எழும். அரசர் சமாதானமாகி இறங்கி வருவார்.

ஒருநாள் சாத்தையாவும் கூடப் போனான். புகையைப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

அவன் பிறந்தது அந்த ஏழில் ஒன்றில். அடுப்புப் புகை அவனுக்குத் தெரியும். ஒரு வீட்டில் சீக்கிரம் எழும், ஒரு வீட்டில் விறகு ஈரம். ஓலைக் கூரை வழியாகக் கசிந்து, வளைந்து, இருமிக்கொண்டே மேலே போகும். இந்தப் புகை அப்படி இல்லை. கோட்டையில் உச்சிவேளைக் கொம்பு ஊதியதும் ஏழு ஊரிலும் ஒரே கணத்தில் எழுந்தது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரே ஒரு புகை. கொழுத்த, கறுத்த, நேரான புகை. காற்று வீசியபோதும் அது அசையத் தயங்கியது.

“ஏழு ஊர்ப் பெண்களும் ஒரே மூச்சில் அடுப்பு ஊதுகிறார்கள், அரசே. நம் படைகூட இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை” என்றான்.

அரசர் சிரித்தார். அம்பலவாணர் சிரிக்கவில்லை.

அன்று அரசருக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. அரண்மனைச் சமையல் அலுத்துவிட்டது. மாடத்தில் பார்த்த புகைதான் நினைவில் நின்றது. அந்தப் புகையின் அடியில் என்ன வேகிறதோ, அதைச் சாப்பிட்டால் என்ன என்று ஓர் ஆசை வந்தது. ஏழு ஊர் அடுப்பிலிருந்தும் ஏழு பானை வேண்டும் என்றார். அம்பலவாணர் சட்டென்று எழுந்து, இதற்குச் சாத்தையாவை விட்டால் வேறு ஆள் கிடையாது என்றார். பிறகு மிகவும் பணிவாக ஒரு நிபந்தனையும் சேர்த்தார்.

“மூன்று நாள் அவகாசம் கொடுங்கள், அரசே. அந்தப் புகைக்கு அடியில் வெந்ததையே கொண்டுவர வேண்டும். வேறு எங்காவது சமைத்ததைக் கொண்டுவந்தால் அது மோசடி. அங்கே சமையலே இல்லை என்று சொன்னால் அது தங்கள் குல வழக்கத்தைப் பொய் என்று சொன்னதாகும். இரண்டுக்கும் தண்டனை ஒன்றுதான்.”

“தலையா?” என்று அரசர் கேட்டார்.

“வழக்கம் அப்படி.”

அரசர் ஒப்புக்கொண்டார். பசி வேளையில் அவர் எதற்கும் ஒப்புக்கொள்வார்.

சாத்தையா ஒரு வண்டியில் ஏழு வெறும் பானைகளை ஏற்றிக்கொண்டு தனியாகப் புறப்பட்டான். முதல் ஊருக்குள் நுழைந்தபோது நாய் குரைக்கவில்லை. கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. ஒரு வீட்டு முற்றத்தில் உரல், அதற்குள் உலக்கை, குத்துவதைப் பாதியில் விட்டுப் போனதுபோல. எட்டிப் பார்த்தான். உரலுக்குள் சிலந்தி வலை. இன்னொரு வீட்டில் தூளி தொங்கியது. காற்றில்லாமலே மெல்ல ஆடியது. அருகில் போகாமல் திரும்பினான்.

ஊர் நடுவில் ஒரு வேப்பமரம். அதன் கிளையில் எட்டுத் தலைப்பாகைகள் வரிசையாகத் தொங்கின. சிவப்புத் துணி, மஞ்சள் கரை. அமைச்சர் வீட்டு ஆட்கள் கட்டுவது. அவிழ்த்த துணியாக இல்லை. தலையில் சுற்றிய வாக்கிலேயே, உள்ளே வெறுமையாக.

அப்போது தொலைவில் கோட்டைக் கொம்பு ஊதியது. மரத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் கொள்ளிக்கட்டை. அவனைப் பார்க்காமலே நடந்து போய், ஈர வைக்கோலும் வரட்டியும் குவித்த மேட்டில் தீ வைத்தாள். கறுத்த புகை நேராக எழுந்தது. அது மேலே போகும்வரை பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“கோட்டையிலிருந்து வர்றியா?” என்றாள்.

அவள் பெயர் வெள்ளச்சி. அவள் கேட்டு முடிக்கும்போது நாலு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. மெலிந்த ஆட்கள். கையில் கருக்கரிவாள், கதிர் அறுத்து நாளாகியும் அவை தீட்டித் தீட்டி மெலிந்திருந்தன. அவர்களுக்குத் தலைவன்போல நின்றவனை மாசாணம் என்று கூப்பிட்டார்கள். அவன் சாத்தையாவின் கழுத்தைத்தான் பார்த்தான், முகத்தை அல்ல.

சாத்தையா வந்த காரியத்தை ஒளிக்காமல் சொன்னான். மாசாணம் அரிவாளைக் கை மாற்றினான்.

“அண்ணே, ஒரு விசயம்” என்றான் சாத்தையா. “இருக்கிறது ஒரே தலை. அமைச்சர் முதல்ல கேட்டுட்டாரு. வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல. அங்க போய் மிச்சம் இருந்தா நானே கொண்டுவந்து தர்றேன்.”

யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். சிரித்து நாளாகியிருக்கும், இருமல்போல வந்தது.

வெள்ளச்சி அவனை உட்காரச் சொன்னாள். நடந்ததைச் சொன்னாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. முதலில் அடுப்பில் புளியங்கொட்டை வெந்ததாம். பிறகு கிழங்கு. பிறகு வெறும் தண்ணீர், பிள்ளைகள் தூங்கும்வரை. பிறகு பிள்ளைகள் தூங்கியே போனார்கள். ஏழு ஊரும் மலைக்கு ஏறியது. மறுநாள் கொம்பு ஊதுமுன்பே அமைச்சரின் எட்டு ஆட்கள் வைக்கோல் வண்டியோடு வந்தார்கள். ஊருக்கு ஒருவன், மேற்பார்வைக்கு ஒருவன். கொம்பு ஊதியதும் தீ வைத்தார்கள்.

“நாங்க மலையில இருந்து பாத்தோம்” என்றாள். “எங்க அடுப்பு செத்துப்போச்சு. எங்க புகை மட்டும் ராசாவுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கி ராத்திரியே இறங்கிட்டோம்.”

“அவங்க போய் எத்தனை நாளாச்சு?”

“ரெண்டு மாசம்.”

சாத்தையா மேலே பார்த்தான். புகை இன்னும் போய்க்கொண்டிருந்தது. ஆட்கள் இரண்டு மாதமாகப் படி வாங்க வரவில்லை என்று அமைச்சர் கவலைப்படவில்லை. புகை வருகிறது, படி மிச்சம் என்று இருந்திருப்பார்.

“அப்புறம் ஏன் தாயி நீங்க மூட்டுறீங்க?”

“நின்னா ராசா சாப்பிட மாட்டாரு. சாப்பிடலைன்னா யோசிப்பாரு. நாங்க எல்லாரும் இறங்கி வர்ற வரைக்கும் அவரு சாப்பிடட்டும்.”

நாளை மறுநாள் எட்டாவது புகை எழும் என்றாள். கால்வாய் மதகுப் பக்கம், கோட்டைச் சுவரிலிருந்து கூப்பிடு தூரத்தில். ஏழு ஊர் ஆட்களும் அங்கே கூடுவார்கள். அதற்குப் பிறகு எண்ணுவதற்கு யாரும் இருக்கமாட்டார்கள்.

சாத்தையா வண்டியிலிருந்து ஒரு பானையை இறக்கினான். பிறகு, இந்தத் தீயில் வெந்தது எதுவோ அதில் எனக்கு ஒரு பானை நிறையக் கொடு என்று கேட்டான்.

“இதையா ராசா திங்கப் போறாரு?”

“ராசாவுக்கு முந்தி அமைச்சரு திங்கணும். அதுதான் வழக்கம்.”

வெள்ளச்சி எழுந்தாள். பானையை அவளே வாங்கி, அவளே நிரப்பினாள். தட்டித் தட்டி, விளிம்புவரை. மற்ற ஆறு ஊர்களுக்கும் அவளும் மாசாணமும் கூடவே வந்தார்கள். ஏழாவது ஊர் சாத்தையா பிறந்த ஊர். அங்கே அவள் சாம்பலை அள்ளவில்லை. மடியிலிருந்து எதையோ எடுத்துப் பானைக்குள் போட்டாள். கலகலவென்று சத்தம் கேட்டது.

மாசாணம் வண்டிக்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னான். “இந்த ஊர்லதான் இருப்பேன். நெல்லு இல்லாம வெறுங்கையோட வந்தா வரிசை என்னோடது.”

மூன்றாம் நாள் உச்சிவேளைக்குச் சற்று முன்னால் சாத்தையா அவைக்குள் வந்தான். ஏழு பானைகளும் வாழையிலையால் வாய் கட்டியிருந்தன. அம்பலவாணர் அவன் தலையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“அரசே, புகைக்கு அடியில் வெந்ததையே கொண்டுவந்திருக்கிறேன். வேறு எதையும் சேர்க்கவில்லை. உப்புகூட” என்றான் சாத்தையா.

முதல் பானையின் இலையை அவிழ்த்தான். உள்ளே சாம்பல்.

அம்பலவாணர் முகம் மலர்ந்து வாயைத் திறந்தார். அதற்குள் சாத்தையா கைகூப்பினான்.

“முதல் பிடி அமைச்சருக்கு. இது உணவில்லை என்று அவர் சொன்னால், புகை அடுப்புப் புகை இல்லை என்று அவரே சொன்னதாகும். அதற்கு என்ன தண்டனை என்று அவருக்குத் தெரியும். உணவுதான் என்றால் ஒரு பிடி அள்ளட்டும்.”

அரசர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் பானையைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒரு பிடி அள்ளி, வாயில் போட்டார்.

“எப்படி இருக்கிறது?” என்றார் அரசர்.

“நன்றாக இருக்கிறது, அரசே.” பல் கறுத்திருந்தது.

“அடுத்த பானை” என்றார் அரசர்.

இரண்டாவது. மூன்றாவது. நான்காவதில் அமைச்சர் இருமினார்; அவர் வாயிலிருந்து புகைபோல ஒன்று வந்தது. அவையில் சிரிப்பு கிளம்பியது. அரசரும் தொடையைத் தட்டிச் சிரித்தார். ஐந்து. ஆறு. ஏழாவது பானைக்குள் கைவிட்ட அமைச்சர் அப்படியே நின்றுவிட்டார். கையை எடுத்தார். விரல்களில் ஒரு செப்புக் காப்பு. அதில் அவர் வீட்டு முத்திரை. பானையைக் கவிழ்த்தார்கள். எட்டுக் காப்புகள் உருண்டன.

“இவை என் ஆட்களுடையவை. புகை போட அனுப்பிய என் ஆட்கள்” என்றார் அம்பலவாணர், தன்னையறியாமல்.

சிரிப்பு நின்றது.

அரசர் மெதுவாகக் கேட்டார். “அந்த எட்டுப் பேரும் இல்லை என்றால், நான் தினமும் பார்க்கும் புகையை யார் மூட்டுகிறார்கள்?”

யாரும் பதில் சொல்வதற்குள் உச்சிவேளைக் கொம்பு ஊதியது. மாடத்தில் காவலன் எண்ணுவது கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு வந்தது. மணி அடிக்கவில்லை.

“எட்டு” என்றான் காவலன்.

அரசர் படியேறிப் போய்ப் பார்த்தார். மதகுப் பக்கத்திலிருந்து கொழுத்த கறுத்த புகை நேராக எழுந்தது. மற்ற ஏழும்போல அது தொலைவில் தெரியவில்லை. கோட்டைச் சுவரை ஒட்டினாற்போலத் தெரிந்தது. புகைக்குள் எதுவோ அசைந்தது. நிறைய.

“சாத்தையா, என்ன வேண்டும் உனக்கு? எது கேட்டாலும் தருகிறேன்.” அரசர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

“களஞ்சியச் சாவி, அரசே. அமைச்சர் இடுப்பில் இருக்கிறது.”

அன்று நாற்பது வண்டி நெல் மதகை நோக்கிப் போனது. படை இல்லை, கொடி இல்லை. முன் வண்டியில் சாத்தையா உட்கார்ந்திருந்தான். போகும் முன் அரசரிடம் ஒன்று சொன்னான். என் தலையை ஏழாவது ஊரில் அடகு வைத்திருக்கிறேன். நாளை அந்த ஊரில் கோணல் புகை எழுந்தால் தலை கழுத்தில் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மறுநாள் கொம்பு ஊதியது. ஒரு புகையும் எழவில்லை. வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. அரசர் மாடத்தை விட்டு இறங்கவில்லை. இலை போடவில்லை. நிழல் நீண்டது. முதல் ஊரில் மெலிந்து ஒன்று எழுந்தது, ஓலைக்குள் கசிந்து, வளைந்து. வெகுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு ஒரே ஊரில் மூன்று, நான்கு. ஆறு ஊர்கள் புகைந்தன. ஏழாவது ஊர் இருட்டத் தொடங்கும்வரை வெறுமையாக இருந்தது.

கடைசி வெளிச்சத்தில் அங்கே ஒரு நூல் எழுந்தது. கோணலாக எழுந்து, அறுந்து, மறுபடி எழுந்தது. விறகு ஈரம்போல.

அரசர் சிரித்தார். கண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் குதிரைக்காரனிடம் கொடுத்து ஏழாவது ஊருக்கு அனுப்பினார். சாத்தையா அதைத் தன் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. கழுத்து இன்னும் முழுதாக என்னுடையது ஆகவில்லை, அடுத்த விளைச்சல் வரட்டும் என்று சொல்லி அனுப்பினான். அம்பலவாணர் மதகுக் காவலுக்குப் போனார். எதைத் தின்றாலும் சாம்பல் ருசி அடிக்கிறது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அந்த வம்சத்து அரசர்கள் அதன் பின்னும் உச்சிவேளையில் மாடம் ஏறினார்கள். ஆனால் ஏழு ஊர்களை அவர்கள் முதலில் பார்ப்பதில்லை. மதகுப் பக்கம் பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் எண்ணத் தொடங்குவார்கள்.