பக்கவாட்டில் வெடித்த ரொட்டி

"நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன் மாஸ்டர். ஒண்ணுகூட விடல. அப்புறம் ஏன் இது என்னை இப்படி அவமானப்படுத்துது?"

திலகவதி துணியைப் பிரித்து ரொட்டியை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பதைவிடப் போட்டார் என்பதே சரி.

நீளமான பிரெஞ்சு ரொட்டி. மேல்புறம் வழுவழுவென்று அழகாக இருந்தது. ஆனால் அடியில் ஓரமாகக் கிழிந்து, உள்ளிருந்த மாவு பிதுங்கி வெளியே வந்து, அப்படியே வெந்து போயிருந்தது.

அந்துவான் அதைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார்.

"வாசனை நல்லா இருக்கு."

"வாசனையை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

அந்துவானுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. பிரான்சில் ரொட்டிக் கடைகளில் வேலை பார்த்துவிட்டுக் காரைக்காலுக்கே திரும்பி வந்தவர். தன் வீட்டு அடுக்களையில், வீடுகளில் வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு சின்ன ஓவனை வைத்துக்கொண்டு, தேடி வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஏன் கடை வைக்கவில்லை என்று யாராவது கேட்டால், "கடை வெச்சா பேச வேண்டியிருக்கும்" என்பார்.

திலகவதி அவரைவிட மூத்தவர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போட்ட கணக்குக்கு விடை வராவிட்டால் அவருக்குப் பொறுக்காது.

"மாவு?" என்றார் அந்துவான்.

"சரியா எடுத்தேன்."

"தண்ணி?"

"அளந்துதான் ஊத்தினேன். உப்பும் அளந்தேன், ஈஸ்ட்டும் அளந்தேன். மாஸ்டர், அளவுல என்கிட்ட தப்பு வராது."

"ஓவன்ல வைக்கிறதுக்கு முன்னாடி மேல கீறினீங்களா?"

திலகவதி கொஞ்சம் தாமதித்தார்.

"கீறினேன்."

அந்துவான் ரொட்டியின் முதுகை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பூனை நகம் பட்ட மாதிரி மெல்லிய கோடுகள் தெரிந்தன.

"இதுவா?"

"பிளேடு பட்டுச்சே."

"பட்டுச்சு."

"அதுக்கு மேல அழுத்த மனசு வரல. பொங்க வெச்சு, மடிச்சு, மறுபடி பொங்க வெச்சு, உருட்டி, பொத்திப் பொத்திக் கொண்டுவந்த மாவு. அதுமேல போய்க் கத்தி வைக்கச் சொல்றீங்களே, இது என்ன நியாயம்?"

அந்துவான் ரொட்டியை மேசைமேல் வைத்தார். மாவு டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இங்கேயே செய்ங்க. பாக்கிறேன்."

*

அன்று பள்ளி விடுமுறை. திலகவதி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மாவைக் கலந்தார். பிசைய ஆரம்பித்ததும் மேசை ஆடியது.

"மாவு என்ன தப்பு பண்ணுச்சு?" என்றார் அந்துவான்.

திலகவதி கையை நிறுத்தினார்.

"என்ன கேட்டீங்க?"

"அடிக்க வேணாம். மடிச்சா போதும்."

திலகவதி மடித்தார். ஒரு மடிப்பு, ஒரு பெருமூச்சு. அப்புறம் அவரால் தாங்க முடியவில்லை.

"நேத்து எங்க ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டுக் கை குடுக்கிறாங்க. பிரான்சுக்குப் போறீங்களாமே, கேட்க சந்தோஷமா இருக்குன்னு சொல்றாங்க. யார் சொன்னதுன்னு கேட்டா, உங்க வீட்டுக்காரர்தான் கடற்கரையில பாத்தப்ப சொன்னார்னு சொல்றாங்க."

"போறீங்களா?"

"கேளுங்க. என் பையன் இளமாறன் பாரிஸ் பக்கத்துல இருக்கான். குழந்தை பொறந்திருக்கு. நான் வேலையை விட்டுட்டு அங்க போய்க் குழந்தையைப் பாத்துக்குவேன்னு இவரே முடிவு பண்ணிட்டார். சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. கடைசியா ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுக்கு அப்புறம் எனக்குத் தெரியுது. என் வேலை மாஸ்டர். பத்தாவது பிள்ளைங்க பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருக்குதுங்க. இன்னும் எனக்கு சர்வீஸ் இருக்கு. நான் என்ன பெட்டியா, தூக்கிக்கிட்டுப் போய் வேற வீட்டுல வைக்க?"

அந்துவான் ஒரு துணியை நனைத்துப் பிழிந்தார்.

"அதைக்கூட விடுங்க. இந்த ரொட்டி இருக்கே. போன தடவை அங்க போயிருந்தப்ப, தெருமுனைக் கடையில ஒண்ணு வாங்கி, நடந்துக்கிட்டே பிச்சுத் தின்னேன். இதை நான் கத்துக்கணும்னு தோணிச்சு. யாருக்கும் செஞ்சு போடறதுக்கு இல்ல. எனக்கே எனக்குன்னு ஒண்ணு. இப்ப அதையும் எடுத்துக்கிட்டார். மருமகளுக்குச் செஞ்சு குடுக்கத்தான் கத்துக்கிறாளாம். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றார். அங்க தெருவுக்குத் தெரு ரொட்டிக் கடை. ரொட்டி சுட்டுப் போட காரைக்கால்லேருந்து ஒருத்தி போகணுமா?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யார்கிட்ட?"

"சார்கிட்ட."

திலகவதி விரலில் ஒட்டியிருந்த மாவை உரித்தார்.

"ஒண்ணும் சொல்லல."

"ஏன்?"

"சொன்னா வீட்டுல சத்தம் வரும். கல்யாணம் ஆனதிலேருந்து சத்தமில்லாம ஓடற வீடு. எங்க தெருவுல கேட்டுப் பாருங்க."

அந்துவான் மாவின்மேல் ஈரத் துணியைப் போட்டு மூடினார்.

"நான் இவ்வளவு சொல்றேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பொங்கட்டும்," என்றார் அந்துவான்.

திலகவதிக்கு அவர்மேலும் கோபம் வந்தது. ஒருவர் நான் பேச வேண்டியதையெல்லாம் பேசிவிடுகிறார். இன்னொருவர் வாயையே திறக்க மாட்டேன் என்கிறார். இவர்களுக்கு நடுவில் நான் மாவு மடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தார்.

*

மாவு பொங்கியதும் அதை இரண்டாகப் பிரித்து, நீளமாக உருட்டச் சொன்னார் அந்துவான். உருட்டியவை மறுபடி உப்பும்வரை காத்திருந்தார்கள். பிறகு ஒரு பிளேடை எடுத்து திலகவதியிடம் நீட்டினார்.

"ஒண்ணை உங்க இஷ்டப்படி விட்டுடுங்க. இன்னொண்ணைக் கீறுங்க."

"எவ்வளவு ஆழம்?"

"பிளேடு பாதி மறையணும்."

திலகவதி பல்லைக் கடித்துக்கொண்டு கீறினார். மாவு வாய் பிளந்து கொடுத்தது. அவருக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அந்துவான் இரண்டையும் ஓவனுக்குள் தள்ளினார். கீழ்த் தட்டில் கொதிநீரை ஊற்றிக் கதவை மூடினார். கண்ணாடியில் ஆவி படர்ந்து, மெல்லத் தெளிந்தது.

இருவரும் முக்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

கீறாத ரொட்டி ஒழுங்காக உப்பி எழுந்தது. பளபளவென்று இருந்தது.

"பாருங்க," என்றார் திலகவதி. "இதுல என்ன குறை? கீறினதுதான் புண்ணு மாதிரி இருக்கு."

அந்துவான் ஓவன் கண்ணாடியை விரலால் சுட்டினார்.

கீறிய ரொட்டி வெட்டிய இடத்தில் மலர்ந்து, விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றது. மற்றது இன்னும் கொஞ்ச நேரம் அழகாக இருந்தது. அப்புறம் அதன் அடியோரம் லேசாக நடுங்கியது. தோல் விட்டது. உள்ளே இருந்தது ஒரு பக்கமாகப் பிதுங்கிக்கொண்டு வந்தது.

"நல்லாத்தானே இருந்துச்சு," என்றார் திலகவதி. குரல் இறங்கியிருந்தது.

"சூடு ஏறினா திறந்துதான் ஆகணும் டீச்சர். எங்கேன்னு நீங்க சொல்லல. அதுவே ஒரு இடம் பாத்துக்கிச்சு."

அன்று காலையிலிருந்து அந்துவான் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

திலகவதி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. மனைவியை அழைத்துப் போகக் கலியபெருமாள் வந்திருந்தார். மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிரித்த முகம். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுக்களைக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன தம்பி, எங்க வீட்டம்மா தேறிட்டாங்களா? கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுக் குடுத்துடுங்க. மாசியில கிளம்பணும்."

"எங்க சார்?"

"பையன் வீட்டுக்குத்தான். பேரன் பொறந்திருக்கான்ல. போனா ரெண்டு வருஷம் ஆகும் திரும்பி வர."

அந்துவான் திலகவதியின் பக்கம் திரும்பினார்.

"நீங்க போறீங்களா, டீச்சர்?"

"போறாங்க, போறாங்க," என்றார் கலியபெருமாள். "வேலையை விடறதுக்குக்கூட எழுதிக் குடுக்கப் போறாங்க."

அந்துவான் தலையைத் திருப்பவில்லை.

"நீங்க போறீங்களா, டீச்சர்?"

கலியபெருமாள் சிரித்தார். "அதான் சொல்றேனே தம்பி. பேரன்னா உசுரு அவங்களுக்கு."

அந்துவானின் பார்வை அசையவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"நீங்க போறீங்களா, டீச்சர்?"

கலியபெருமாளின் சிரிப்பு நின்றது. அவரும் மனைவியைப் பார்த்தார்.

"நான் போகல," என்றார் திலகவதி.

"என்ன?"

"போகல. வேலையையும் விடல. என்கிட்ட கேக்காம என் வேலையை விட்டுக்குடுக்க நீங்க யாரு? என் ஹெச்.எம்.கிட்ட என்னைப் பத்திச் சொல்ல நீங்க யாரு? நான் போகணுமா வேண்டாமான்னு என்னைக்காவது ஒரு நாள் ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேக்காம இருந்தது நீங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தது நான். இனிமே என்னால முடியாது."

அவ்வளவு சத்தமாகத் தன் குரலை அவர் வகுப்பறையில்தான் கேட்டிருந்தார்.

"அடுத்தவங்க வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு இப்படிப் பேசுறியே," என்றார் கலியபெருமாள்.

"நம்ம வீட்டுல நீங்க இடம் விடல."

கலியபெருமாளின் காதுகள் சிவந்தன. சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார்.

"சரி. பெத்த பையன்கிட்ட நீயே சொல்லு. பேரன் வேண்டாம், வரமாட்டேன்னு உன் வாயால சொல்லு. சொல்லிடுவியா?"

அழைப்பை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, மேசைமேல் வைத்தார்.

மணி அடித்தது. இளமாறன் எடுத்தான். பின்னால் குழந்தையின் சத்தம் கேட்டது. திலகவதி கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டார்.

"இளமாறா, அம்மா பேசறேன். லீவுல வந்து குழந்தையைப் பாக்கிறேன். வேலையை விட்டுட்டு வர முடியாது. எனக்கு இஷ்டமில்ல. நீ வருத்தப்பட்டாலும் சரி."

மறுமுனையில் இளமாறன் குழந்தையைச் சமாதானப்படுத்தினான்.

"அம்மா," என்றான் இளமாறன். "நான் ஏன் வருத்தப்படப் போறேன்? குழந்தைக்குக் காப்பகத்துல இடம் கிடைச்சாச்சே. அப்பாகிட்ட அப்பவே சொன்னேன். நீங்கதான் வந்தே தீருவேன்னு நிக்கிறீங்க, வேண்டாம்னா ராத்திரியெல்லாம் அழறீங்கன்னு சொன்னார். அதனாலதான் நானும் சரின்னேன்."

திலகவதி கணவரைப் பார்த்தார்.

"நான் அழுதேனா?"

கலியபெருமாள் மேசையில் சிந்தியிருந்த மாவை விரலால் ஓரமாக ஒதுக்கினார்.

"என்னங்க, நான் அழுதேனா?"

"இல்ல."

"அப்ப யாரு?"

"நீ காலையில பள்ளிக்கூடம் போயிடறே," என்றார் கலியபெருமாள். "பேப்பரை எத்தனை தடவைதான் படிக்கிறது. அங்க போனா குழந்தையோட இருக்கலாமேன்னு தோணிச்சு."

"அதை உங்க வாயால அவன்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"எப்படிச் சொல்றது? அம்மா வரேன்னா அர்த்தம் இருக்கு. நான் வரேன்னா எதுக்குன்னு கேக்க மாட்டானா?"

"அதுக்காக என் வேலையை எடுத்து வெச்சு, என் ரொட்டியை எடுத்து வெச்சு, என் அழுகைன்னு ஒண்ணையும் நீங்களே செஞ்சு வெச்சீங்களா? உங்க ஆசைக்கு என் பேரா?"

கலியபெருமாள் தலை குனிந்தார். திலகவதியின் கோபம் தணியவில்லை. ஆனாலும் கணவர் அப்படித் தலை குனிந்து அவர் பார்த்ததில்லை.

"அப்பா," என்று மேசைமேலிருந்து குரல் வந்தது. இணைப்பு இன்னும் இருப்பதை எல்லோரும் மறந்திருந்தார்கள். "அப்பா, நீங்க வாங்க. நீங்க மட்டும் வாங்க. இவனோட இருக்கத்தானே? வாங்க."

கலியபெருமாள் கைபேசியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கடைசியில், நிஜமாகவே பயந்துபோய், அந்துவானைப் பார்த்தார்.

"நான் தனியா போய் என்ன தம்பி செய்வேன்? எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதே."

அந்துவான் எழுந்தார். மாவு டப்பாவை நகர்த்திக் கலியபெருமாளுக்கு முன்னால் வைத்தார்.

"கையைக் கழுவிட்டு வாங்க, சார்."