மஞ்சக் கடுதாசியில் தாயியின் பேர்

எங்கள் மடத்தில் கேள்வி கேட்க வருகிறவர்கள் முதலில் சாப்பிட வேண்டும். தாயி போட்ட சட்டம் அது. வயிறு காய்ந்திருந்தால் பதில் காதில் ஏறாது என்பாள். சமைக்கிறவள் நான். ஊரில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அரிசி களைகிற வேலை என் தலையில்தான் விழும்.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சாமியாரை அடக்கம் செய்த மேடை, அதற்கு மேல் ஒரு கொட்டகை, ஓரமாக என் அடுப்படி. அவ்வளவுதான். பஞ்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தாயி அந்தச் சாமியாரிடம் வந்து சேர்ந்தவள். அவர் போன பிறகு அவள்தான் எல்லாம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சீடர்களில் பாதிப் பேர் அவளுக்கு மூத்தவர்கள். அவர்கள் அவளைத் தாயி என்பார்கள், அவள் அவர்களை அண்ணே, அக்கா என்பாள்.

சடையாண்டி அண்ணனும் அப்படி ஒரு சீடர். தாயிக்கு அப்பா வயது இருக்கும். சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு மார்க்கெட்டில் டீ விற்கிறவர். தங்கமான மனுசன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். ஏனென்றால் அன்றைக்கு அவர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

அவர் சம்சாரம் தெய்வானைக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன். அதற்குத் தண்டல்காரனிடமும் குழுக் கடனாகவும் வாங்கியது வட்டி மேல் வட்டியாக ஏறிவிட்டது. தண்டல்காரன் விடிந்ததும் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வான். தெய்வானை பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு, இருமல் வந்தால் சேலையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு படுத்திருப்பாள். டீ விற்கிற காசு வட்டிக்கே காணாது.

இலவச சட்ட உதவிக்கு இருக்கிற வக்கீலம்மாதான் வழி சொன்னார். கட்டவே முடியாதவன் கோர்ட்டில் போய், என்னிடம் இருப்பது இவ்வளவு, நான் தர வேண்டியது இன்னாருக்கு இவ்வளவு, இனி என்னால் ஆகாது என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கலாம். கோர்ட் விசாரித்து ஏற்றுக்கொண்டால் ஒருத்தரும் வாசலில் வந்து உட்கார முடியாது. வருமானம் குறைவு என்பதால் வக்கீல் செலவும் கிடையாது. எங்கள் ஊரில் இதற்கு மஞ்சக் கடுதாசி என்று பேர். கொடுத்தவனைக் கண்டால் ஆட்கள் தெரு மாறிப் போவார்கள்.

அன்றைக்கு மத்தியானம் சைக்கிளை வெளியே சாத்திவிட்டு அண்ணன் நேராகத் தாயி முன்னால் வந்து நின்றார். 

"தாயி, மஞ்சக் கடுதாசி குடுக்குறது பாவமா?"

"சாப்டீங்களாண்ணே?"

"தொண்டையில எறங்கல தாயி. சாயங்காலம் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்காங்க. பாவமா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

தாயி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "வக்கீலம்மா என்ன சொன்னாங்க?"

"கடன் குடுத்தவுங்க அத்தன பேரும் அதுல இருக்கணுமாம். ஒருத்தர் விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சாலும் பொய்ச் சத்தியம்னு ஆயிருமாம், மனுவே நிக்காதாம்."

"அத்தன பேரையும் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"இருளாயியக்காவ?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

இருளாயி மார்க்கெட்டில் கீரைக் கட்டு விற்கிறவள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் தன் காதுத் தோட்டைக் கழற்றி அண்ணன் கையில் வைத்தவள். சீட்டு இல்லை, எழுத்து இல்லை. அடகுக் கடையில் அது மூழ்கியே போய்விட்டது. இன்றைக்கும் அவள் காதில் வேப்பங்குச்சிதான்.

"மடத்துல வாங்குனத?" என்றாள் தாயி.

அடுப்படியில் இருந்த எனக்குச் சுருக்கென்றது. அது என் கூரைக் காசு! அடுப்படிக்குத் தகரம் போடச் சேர்த்து வைத்ததை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தாயி எடுத்துக் கொடுத்துவிட்டாள். மழை வந்தால் ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் குடையுமாக நிற்கிறவள் நான். 

"அதெல்லாம் கடனா தாயி?" என்றார் அண்ணன். "அது பிரியத்துல குடுத்தது. இருளாயியையும் உங்களையும் அந்தத் தண்டல்காரனோட ஒரே தாள்ல எப்படி எழுதுவேன்? கை வருமா? உங்க ரெண்டு பேருக்கு மட்டும் நான் எப்படியாவது அடைச்சிருவேன்."

"எத வச்சு?" என்று நான் உள்ளேயிருந்து கேட்டே விட்டேன்.

"ராக்கு, சோறு வெந்துச்சான்னு பாரு" என்றாள் தாயி.

வெந்து எவ்வளவோ நேரமாகிவிட்டது. வாயை மூடு என்பதை அவள் இப்படித்தான் சொல்வாள்.

பந்திக்கு ஆள் வந்துவிட்டது. மூட்டை தூக்குகிறவர்கள், தராசுக்காரர், பூக்கட்டுகிற பெண்கள், அவர்கள் நடுவில் இருளாயியும். இலை போட்டுத் தண்ணீர் தெளித்தேன். வழக்கமாகப் பரிமாறுகிறவள் நான். அன்றைக்குத் தாயி என் கையிலிருந்த சோற்று வாளியை வாங்கிக்கொண்டாள். சடையாண்டி அண்ணனைக் குழம்பு வாளியோடு பின்னால் வரச் சொன்னாள்.

ஒவ்வோர் இலையாக வைத்துக்கொண்டே வந்தாள். இருளாயி இலைக்கு வந்ததும் தாண்டி அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். இருளாயியும் அப்படித்தான் நினைத்திருப்பாள், லேசாகச் சிரித்துக்கொண்டு இலையை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தாள். தாயி வரிசை முடியும் வரை போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. இருளாயி முகத்திலிருந்த சிரிப்பு மெல்லப் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பந்தியில் ஓர் இலையைத் தாண்டிப் போவதென்றால், எழுந்து போ என்று சொல்வதைவிட மோசம்.

"தாயி!" அண்ணன் ஓடினார். "இருளாயி எலைய விட்டுட்டீங்க!"

"விடலண்ணே. அவ நம்ம ஆளு."

"நம்ம ஆளுன்னா?"

"பந்தி வெளியாளுங்களுக்குத்தான? பிரியமானவளப் போயி இவுங்களோட ஒரே வரிசையில வைக்கிறதா? அப்புறமா உள்ள கூப்பிட்டு எப்படியாவது நல்லாப் போட்டுருவோம்."

"என்ன தாயி இப்படிப் பேசுறீங்க! அத்தன பேரும் திங்கும்போது அவ மட்டும் வெறும் எலையப் பாத்துக்கிட்டு…"

சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

தாயி சோற்று வாளியை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு போய் இருளாயி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். முதல் கரண்டிச் சோற்றை வைக்கும்போதே கண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

"என்னண்ணே இன்னிக்கு கூத்து?" என்றாள் இருளாயி. அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

"இருளாயி, நான் மஞ்சக் கடுதாசி குடுக்கப் போறேன். அதுல உன் பேரையும் எழுதணும். உன்கிட்ட பட்டதும் கடன்னு எழுதணும். எழுதிட்டா…" கரண்டியை வாளியில் வைத்தார். "உன் தோடு திரும்பி வராமலே போனாலும் போயிரும்."

இருளாயி பெருந்தன்மையாக ஏதாவது சொல்லிவிடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் கை தானாகக் காதுக்குப் போனது.

"எங்காத்தா போட்ட தோடு அது."

"தெரியும்."

"வராதா?"

"தெரியல. வரும்னு பொய் சொல்ல மாட்டேன்."

அவள் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "தோடு போனதுகூட எனக்குப் பெருசில்ல. பொங்கலுக்கப்புறம் நீ என் கடப் பக்கம் டீயே கொண்டுவரல. தூரத்துல என்னப் பாத்ததும் சைக்கிளத் திருப்பிக்கிட்டுப் போற. நான் என்ன தண்டல்காரியா? அப்படியா நான் உன்னப் பாத்தேன்?"

"வெக்கமா இருந்துச்சு தாயி" என்றார். தாயி என்று இருளாயியைத்தான் சொன்னார்.

"வெக்கமாம். எத்தன நாள் டீயில்லாமத் தலவலியோட கெடந்தேன் தெரியுமா?" மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எழுதிக்க. அப்பன் பேரு வெள்ளைச்சாமி. நாளைக்கு வெள்ளனா டீ கொண்டாரணும். இப்பக் குழம்ப ஊத்து, சோறு ஆறுது."

பந்தி மறுபடி கலகலவென்று ஆகிவிட்டது. தாயி வந்து இருளாயி பக்கத்தில் உட்கார்ந்து, "கோவிச்சுக்காதக்கா" என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "போ தாயி, ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு" என்றாள் இருளாயி. ஆனால் கூடுதலாக ஓர் அப்பளம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பந்தி முடிந்ததும் அண்ணனை உட்காரவைத்து நானே பரிமாறினேன். இப்போது சோறு இறங்கியது. தெய்வானைக்கும் ஒரு தூக்கில் போட்டு வைத்தேன். கோபம் எனக்குப் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபம் வேறு, தெய்வானைக்குப் பசிப்பது வேறு.

கையைக் கழுவிவிட்டு வந்தவர் தாயியிடம் சொன்னார்: "இருளாயிய எழுதிருவேன். உங்கள எழுத மாட்டேன்."

"ஏண்ணே?"

"குருவுக்குக் குடுக்க வேண்டியத இனி குடுக்க வேண்டாம்னு ஒரு ஜட்ஜ் சொல்லி, அத நான் கை கட்டிக் கேட்டுட்டு வரணுமா? அதுக்கு அந்தத் தண்டல்காரன் வாசல்லயே உக்காந்துட்டுப் போகட்டும்."

"தெய்வானையக்கா?"

அவர் பிடிவாதமாகத் தலையை ஆட்டினார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம், உண்மையைச் சொன்னால். தாயி பேர் அதில் ஏறாவிட்டால் என் கூரைக்கு இன்னும் உயிர் இருக்கிறது இல்லையா!

தாயி வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினாள்.

"எழுதிக் குடுத்தப்புறம் என்ன நடக்கும்ணே?"

"கோர்ட்டுலருந்து பேர் இருக்கிறவுங்களுக்கெல்லாம் நோட்டீஸ் போகும். தேதி அன்னிக்கு வந்து சொல்றதச் சொல்லலாம்."

"தண்டல்காரனுக்கும் போகும்?"

"போகும்."

"தனியாவா வருவான்?"

"அவனா? நாலு தடியன்களக் கூட்டிக்கிட்டு வருவான். வராண்டாவுலயே கத்துவான். டீக்காரப் பய ஏமாத்திட்டான்னு எல்லார் காதுலயும் விழுற மாதிரி கத்துவான்." சொல்லும்போதே அவர் தோள் ஒடுங்கியது. "அதுதான் தாயி, அத நெனச்சாத்தான் பயமா இருக்கு."

"குழுக் கடன் கொடுத்தவுங்க?"

"அவுங்களும் வருவாங்க."

"வக்கீலம்மா உங்ககூடயே இருப்பாங்களா?"

"பாவம், அவுங்களுக்கு அன்னிக்கு இன்னும் எத்தன கேசு இருக்குமோ. பேர் கூப்பிடும்போது வந்துருவேன்னாங்க."

"அப்ப அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நான்தான். ஓரமா எங்கியாவது நிப்பேன்."

தாயி வெற்றிலையை மடித்தாள். வாயில் போடவில்லை. அவள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன்.

"உங்கமேல கோபமா இருக்கவன் பேரெல்லாம் ஒண்ணு விடாம எழுதிட்டீங்க. கோர்ட்டு கூப்பிட்டு அத்தன பேரும் வந்துருவாங்க. என் பேரையும் எழுதுங்கண்ணே. என்னையும் கூப்பிடட்டும். நான் வந்து உங்க பக்கத்துல நிக்கிறேன்."