சும்மா கொடுத்த மூங்கில் அரிசி

ஒரு காட்டில், மலை இறங்கி முடிகிற இடத்தில், ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் குடியிருந்தது. அப்பா பெயர் சடையன், எதற்கும் பயப்படுகிறவன். அம்மா பெயர் மருதாயி, பயப்பட நேரமில்லாதவள். அவர்களுக்கு மூன்று குட்டிகள்.

மலைச்சரிவு முழுவதும் வள்ளிக்கிழங்கு. ஆனால் அந்தச் சரிவு கரடியாருடையது. அது எப்படி அவருடையதாயிற்று என்று யாரும் கேட்டதில்லை. கேட்கும் அளவுக்கு யாரும் அவர் பக்கத்தில் போனதில்லை.

விடிந்தால் ஐந்து பேரும் சரிவில் ஏறிக் கிழங்கு தோண்டுவார்கள். கரடியார் பாறை நிழலில் படுத்தபடி, "ஆழமாகத் தோண்டுங்கள்! உழைக்காமல் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள்!" என்று சத்தம் போடுவார். சாயங்காலம் கிழங்கு அவருக்குப் போகும். தோலும், முளைவிடும் தலைத்துண்டும் கூலியாக வரும். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அதையும் குட்டிகள் தின்று தீர்த்துவிடும்.

அந்த வருஷம் மூங்கில் பூத்தது. அரண்மனைக் குகை நிறைய மூங்கில் அரிசி சேர்ந்தது. யானை அரசருக்கு இளகிய மனசு. யார் கண் கலங்கினாலும் கொடுத்துவிடுவார்.

"பசித்த வீடு ஒவ்வொன்றுக்கும் பௌர்ணமிதோறும் ஒரு கூடை அரிசி" என்று சபையில் அறிவித்தார்.

மந்திரி நரியார் துள்ளி எழுந்தார். "என்ன வேலை செய்தால் கிடைக்கும், அரசே?"

"வேலைக்கு இல்லை. பசிக்குத்தான்."

"சும்மா கொடுப்பதா? எல்லோரும் சோம்பேறி ஆகிவிடுவார்களே!"

கரடியார் ஒரு கொட்டாவியை முடித்துவிட்டு, "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். வாய் திறக்க அலுப்பாக இருந்தது" என்றார்.

"கொடுத்துப் பார்ப்போம்" என்றார் அரசர்.

"அப்படியானால் அரிசி வீணாகாமல் நானே வீடு வீடாகப் போய்க் கண்காணிக்கிறேன்" என்றார் நரியார். "என் வழிச்செலவுக்கு மாதம் மூன்று கூடை இருந்தால் போதும்."

அரசர் அதற்கும் தலையாட்டினார்.

முதல் கூடை வந்ததும் சடையன் அதை வளையின் மூலையில் வைத்து இலை போட்டு மூடினான். "மருதாயி, தொடாதே. தின்ற பிறகு என்ன கேட்பார்களோ!"

இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் உலை வைத்துவிட்டாள். அன்று மூன்று குட்டிகளும் வயிறு முட்டச் சாப்பிட்டு எழுந்தன. கடைக்குட்டியின் இலையில் கொஞ்சம் சோறு மிஞ்சிக் கிடந்தது. சடையன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் சோறு மிஞ்சியதே இல்லை.

அதன்பிறகும் அவர்கள் சரிவுக்குப் போனார்கள். ஆனால் கூலியாக வந்த தலைத்துண்டுகளை மருதாயி தின்னக் கொடுக்கவில்லை. வளைக்குப் பின்னால் கல் பொறுக்கிச் சுத்தம் செய்த நிலத்தில் ஒவ்வொன்றாகப் புதைத்தாள்.

இரண்டாம் கூடை வந்த மறுநாள், அவள் கரடியாருக்கு எதிரே போய் நின்றாள்.

"ஐயா, குட்டிகள் இனி வரமாட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். நாளுக்கு இரண்டு முழுக் கிழங்கு கொடுங்கள்."

"முழுக் கிழங்கா? வீட்டிலேயே கிட!" என்று உறுமினார் கரடியார். இரண்டு நாளில் பசி தானாக இழுத்துவரும் என்று அவருக்குத் தெரியும். இத்தனை வருஷமும் அப்படித்தான் நடந்தது.

இந்தத் தடவை யாரும் வரவில்லை.

நரியார் அரண்மனைக்கு ஓடினார். "நான் சொன்னேனே, அரசே! அந்த முள்ளம்பன்றிக் குடும்பம் கெட்டுப்போய்விட்டது. குட்டிகள் வேலைக்குப் போகாமல் ஓடையில் விளையாடுகின்றன. ஒரு படி அரிசியைக் குரங்கிடம் கொடுத்துத் தேனடை வாங்கித் தின்றிருக்கிறார்கள். அதைவிடக் கொடுமை, தின்கிற பண்டத்தை மண்ணில் போட்டுப் புதைக்கிறார்கள்!"

அரசர் தாமே புறப்பட்டு வந்தார். வாசலில் யானையைக் கண்டதும் சடையனின் முட்கள் எல்லாம் சிலிர்த்துக்கொண்டன. "அப்போதே சொன்னேன், கேட்டாயா?" என்று மனைவியிடம் முனகினான்.

"மருதாயி, தேன் வாங்கினாயாமே?" என்றார் அரசர்.

"வாங்கினேன், அரசே. தேன் எப்படி இருக்கும் என்று பெரியவள் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை."

அரசர் அடுத்த கேள்விக்குப் போனார். "சரி, பண்டத்தை ஏன் புதைத்தாய்?"

மருதாயி அவரை வளைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். புதைத்த இடமெல்லாம் பச்சைக் கொடி பற்றி ஏறிக்கொண்டிருந்தது.

"தை மாதம் தோண்டலாம், அரசே."

"இதை முன்பே செய்திருக்கலாமே?"

"துண்டு கையில் இருந்தது. குட்டி எதிரே பசியோடு நின்றது. துண்டு மண்ணுக்குப் போகுமா, வாய்க்குப் போகுமா?"

அரசர் அரண்மனைக்குத் திரும்பிப் போனார். கூடை தொடர்ந்து வந்தது.

இதற்குள் கரடியார் இளைத்துவிட்டார். சபைக்கு வந்து கண் கலங்க நின்றார். "அரசே, தோண்ட ஆளில்லாமல் என் சரிவு பாழாகிறது. நான் எப்படிப் பிழைப்பேன்?"

அரசருக்குத்தான் இளகிய மனசாயிற்றே! உடனே பத்துக் கூடை அரிசி கொடுக்கச் சொன்னார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராய், "நரியாரே, இவரையும் போய்க் கண்காணிக்க வேண்டாமா?" என்று கேட்டார்.

நரியார் காதைப் பொத்திக்கொண்டார். "என்ன அரசே இது! கரடியார் பெரிய இடம். அவரைப் போய்ச் சந்தேகப்படலாமா?"

பெரிய இடம் பத்துக் கூடையையும் தின்றது, தின்றுவிட்டுப் படுத்தது. மழைக்காலம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சரிவில் புல் முளைத்தது. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று வந்து மிச்சமிருந்த கிழங்கையும் கிளறித் தின்றுவிட்டுப் போயிற்று.

தை மாதம் சடையன் வீட்டு வாசலில் கிழங்கு குவிந்து கிடந்தது. கரடியார் தள்ளாடி வந்து, கொஞ்ச தூரத்திலேயே நின்றுகொண்டார். எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் கேட்டுப் பழகியவர் அல்ல.

மருதாயி பெரிய கிழங்காக ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

சடையன் பதறிப்போய் அவள் காதருகே குனிந்தான். "மருதாயி, சும்மா கொடுக்கிறாயே! அவர் சோம்பேறி ஆகிவிடமாட்டாரா?"

"இனிமேலா?" என்றாள் மருதாயி. இன்னொரு கிழங்கையும் எடுத்து வைத்தாள்.

நீதி: சும்மா கொடுத்தால் ஏழை கெட்டுப்போவான் என்று சொல்லுமுன், இதுவரை சும்மா வாங்கிக்கொண்டிருந்தவர் யார் என்று பார்க்க வேண்டும்.