கருப்பட்டியின் காது

ஆக்னஸ் டீச்சருக்குத் திக்குவாய். அவரிடம் வேலை கற்க வந்த தணிகாசலத்துக்குப் பொறுமை கிடையாது. டீச்சர் ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டால் தணிகாசலம் அதை முடித்துக் கொடுத்துவிடுவார். உதவி என்றுதான் நினைத்திருந்தார். பாதி நேரம் தப்பாக முடிப்பார். டீச்சரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

டீச்சருக்கு முப்பத்து நாலு வயது. சீடருக்கு அறுபத்தொன்று. சென்னையில் குதிரைப் போலீஸில் இருந்து ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு கோவைப் பக்கம் வந்தவர். நடை வராத, பேச்சு வராத பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிப் பழக்கும் இடம் ஒன்று மலையடிவாரத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, சும்மா இருக்க முடியாமல் போய்ச் சேர்ந்தார். குதிரை தெரியும், மற்றதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று நம்பினார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஏறியிருக்கும் பிள்ளை சொன்னால்தான் குதிரை நகரும். வாய் வரும் பிள்ளை 'போ' என்னும். வராத பிள்ளை முனகும், அல்லது குதிரையின் கழுத்தில் தட்டும். எதுவானாலும் அது அந்தப் பிள்ளையிடமிருந்து வர வேண்டும். முன்னால் கயிறு பிடித்திருப்பவர் அதுவரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். தணிகாசலத்துக்குக் கொடுத்தது அந்தக் கயிறு.

மிருதுளாவுக்குப் பதிமூன்று வயது. பிறந்ததிலிருந்து மூளை முடக்குவாதம். பேச்சு இல்லை. என்ன கேட்டாலும் சிரிப்பாள். அவள் ஏறும் குதிரையின் பெயர் கருப்பட்டி. இடப்பக்கம் டீச்சரும் வலப்பக்கம் அம்மா பூங்கொடியும் அவள் தொடையில் ஆளுக்கொரு கை வைத்தபடி கூடவே நடப்பார்கள். கழுத்தில் தட்டினால் குதிரை போகும் என்று அவளுக்கு மாதக்கணக்காகக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் சேணத்தைக் கழற்றும்போது பூங்கொடி தணிகாசலத்திடம் சொன்னாள்.

"இட்லி வேணுமா தோசை வேணுமான்னா சிரிக்குதுங்க. பச்சைச் சட்டையா செவப்பான்னாலும் சிரிப்புத்தான். பதிமூணு வருசமா எல்லாத்தையும் நானே முடிவு பண்றனுங்க. புடிச்சுச் சாப்புடுதா, எனக்காகச் சாப்புடுதான்னுகூடத் தெரியல. ஒரே ஒருக்கா, எனக்கு இது வேணும்னு அதுவே சொல்லிட்டாப் போதும்."

தணிகாசலம் கழற்றிய சேணத்தை மறுபடி குதிரைமேலேயே வைத்துவிட்டு, பிறகு எடுத்தார்.

அடுத்த வகுப்பில் மிருதுளா ஏறி உட்கார்ந்தாள். கை கழுத்தில் கிடந்தது, தட்டவில்லை. பூங்கொடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தணிகாசலத்தால் தாங்க முடியவில்லை. ஊர்வலத்தில் கூட்டம் நெருக்கும்போது உதட்டைத் திறக்காமல் குதிரையை நகர்த்தப் பழகியவர் அவர். வாய்க்குள்ளேயே நாக்கை ஒரு சொடுக்குச் சொடுக்கினார். கருப்பட்டி நடந்தது.

"விரல் ஆடுச்சுங்க, பாத்தீங்களா?" என்றாள் பூங்கொடி. "அதுவே சொல்லிருச்சு."

மிருதுளாவின் விரல்கள் எப்போதுமே லேசாக ஆடுகிறவைதான். அன்று சாயங்காலத்துக்குள் பூங்கொடி சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு தணிகாசலத்தால் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் சொடுக்கினார். ஒவ்வொரு வகுப்பிலும் அந்தத் தாயின் முகம் மலர்ந்தது. நல்ல காரியம் செய்கிறோம் என்றே அவருக்குப் பட்டது.

ஒரு நாள் வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு டீச்சர் அவர் பக்கம் வந்தார்.

"ஐயா, க... கருப்பட்டி காது..."

"காதுல ஈ உக்காருதா டீச்சர்? மருந்து போட்டுரலாம்."

டீச்சர் தலையாட்டி மறுத்தார். "காது உ... உங்க பக்கம் திரும்புது. அப்புறம்தான் நடக்குது."

தணிகாசலம் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். ஏற்கெனவே சுருட்டிய கயிறுதான்.

"அந்த அம்மா முகத்தைப் பாத்துட்டு நிக்க முடியலை டீச்சர்."

டீச்சர் கருப்பட்டியின் காதைத் தடவிக் கொடுத்தார்.

"சரி, இனிமே சொடுக்கலை. அது தட்டவே இல்லைன்னா எவ்ளோ நேரம் காத்துனு இருக்கறது? அதைச் சொல்லுங்க."

"அ..." என்றார் டீச்சர். "அ..."

"அஞ்சு நிமிஷமா?"

டீச்சர் தலையை அசைத்தார். மறுபடி தொடங்கினார். "அ..."

"அரை மணியா? குதிரை நிக்காது டீச்சர்."

டீச்சர் வாயை மூடிக்கொண்டார். லேசாகச் சிரித்துவிட்டு, கருப்பட்டிக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகிறாரே என்று தணிகாசலத்துக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்த வகுப்பில் அவர் நாக்கை அடக்கிக்கொண்டு நின்றார். கருப்பட்டியும் நின்றது.

"தட்டு கண்ணு," என்றாள் பூங்கொடி.

மிருதுளா சிரித்தாள். கருப்பட்டி வாலை வீசி ஈ ஓட்டியது. ஒரு காலை மாற்றி ஊன்றியது. வேலிக்கு அப்பால் மினி பஸ் ஒன்று வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது.

"ஏனுங்க, போன வாரமெல்லாம் சொல்லுச்சே?"

தணிகாசலம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லலைம்மா," என்றார் தணிகாசலம். "நான்தான் நாக்கால சத்தம் குடுத்தேன். எல்லா வாட்டியும்."

பூங்கொடி அவர் பக்கம் திரும்பினாள்.

"இதை ஏனுங்க இப்பச் சொன்னீங்க?" என்றாள். "அப்படியே உட்டிருக்கலாமில்ல."

பூங்கொடி மகளின் இடுப்பில் கையைக் கொடுத்தாள். "வா கண்ணு. எறங்கு. வீட்டுக்குப் போலாம்."

மிருதுளா இறங்கவில்லை. முன்னால் சாய்ந்து கன்னத்தைக் குதிரையின் கழுத்தில் வைத்துக்கொண்டாள். கோணிய விரல்கள் பிடரி மயிரைப் பற்றியிருந்தன. பூங்கொடி ஒரு விரலைப் பிரித்தாள். அடுத்ததைப் பிரிப்பதற்குள் முதல் விரல் மறுபடி மடங்கிக்கொண்டது.

"உடு சாமி."

மிருதுளா முகத்தைச் சுளித்தாள். தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. சிரிப்பில்லை.

பூங்கொடியின் கை அப்படியே நின்றது. மகளின் இந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. கருப்பட்டியின் காதுகள் இரண்டும் பின்னால், மிருதுளாவின் பக்கம் திரும்பியிருந்தன. குதிரை அசையவில்லை.

"போகவும் மாட்டீங்கிற, எறங்கவும் மாட்டீங்கிற," என்றவள் பாதியில் நிறுத்தினாள். குரல் இறங்கியது. "நிக்கோணுமா சாமி உனக்கு? சும்மா இப்படியே நிக்கோணுமா?"

விரல்கள் பிடியை விடவில்லை. முகத்தின் சுளிப்பு மெல்ல மெல்ல விலகியது. மிருதுளா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இத்தன மாசமா வட்டம் வட்டமா இழுத்துட்டுப் போயிருக்கனே," என்றாள் பூங்கொடி. அழுதாள். அழுதுகொண்டே மகளின் இடுப்பிலிருந்த கையை எடுத்துப் பழையபடி தொடைமேல் வைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறியது. தணிகாசலத்துக்கு முழங்கால் வலித்தது. அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எவ்ளோ நேரம் டீச்சர் நிக்கறது?"

"அ..." என்றார் டீச்சர்.

தணிகாசலத்தின் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டார்.

"அ... அ..."

அவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்தபடி டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அ... அவளைக் கேளுங்க."